கயிறா, ரப்பரா

டெக்சாஸ் மாநிலம் இர்விங் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாடகை அபார்ட்மென்டுகளிலும் முப்பது வருடக் கடன் வீடுகளிலும் வாழ்ந்துவரும் தமிழ்ப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: திரு. மயில்சாமி அவர்களின் மோட்டார்ஹோமில் என்ஜின் எண்ணெய் ஒழுகுவதை நிறுத்த எந்த சீல் பொருத்துவது என்பதைச் சகல கோணங்களிலும் ஆராய்ந்து பரிந்துரை செய்வதற்கு உயர்நிலைக் குழு ஒன்று அமைக்கப்பட்டுவிட்டது. இனி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

குழுவின் தலைவர் பாலசுப்ரமணியன். லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் சீனியர் டைரக்டர். தமிழ்ப் பேரவைக்கும் அவர்தான் வருடாவருடம் தலைவர். வேறு யாரும் அந்த வேலைக்கு வராததால் போட்டியின்றித் தேர்வாகிவிடுவார். அவருடைய கார் மின்சாரத்தில் ஓடுவது. அதில் எண்ணெயே கிடையாது. குழுவில் மற்ற எல்லாரும் என்ஜினியர்கள். ஆளுக்கொரு கட்டுரையை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, அடுத்தவர் அனுப்பியதைப் படிக்காமல் கட்டைவிரல் போட்டார்கள்.

விஷயம் இதுதான். என்ஜினுக்குள் சுழலும் தண்டின் பின்முனையில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்க ஒரு வளையம் இருக்கும். அதற்குப் பெயர் சீல். மயில்சாமியின் வண்டி எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி. அந்தக் காலத்தில் அங்கே கயிறு வைத்தார்கள். கிராஃபைட் ஊறிய தடித்த கயிறு. இப்போது அதே இடத்துக்கு ரப்பர் கிடைக்கிறது, ரப்பரிலும் நாலைந்து ரகம். மயில்சாமியின் வண்டியில் அந்த இடத்தில் ஒழுகிய எண்ணெய் நேராகச் சூடான சைலன்சர் குழாயின் மேல் விழுந்தது. விழுந்ததும் புகைந்தது. பின்னால் இருந்த படுக்கையில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவர் மனைவி நாகமணி படுத்து வரவேண்டிய வண்டி அது.

மயில்சாமி கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். இர்விங்குக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் வான்மதி இங்கேயே பிறந்தவள். மூத்தவன் அகிலன் சான்டா கிளாராவில் வேலை பார்த்தான். அங்கேயே ஹம்சா என்ற சென்னைப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகு தகவல் சொல்ல இர்விங் வந்தான். சாதி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. படித்த குடும்பம். “நம்ம ஆளுக இல்லியே” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு மயில்சாமி வாசலில் நின்று இரண்டு சபதங்கள் செய்தார். அவர் கூப்பிடாமல் அகிலன் இந்தப் படி ஏறக்கூடாது என்பது ஒன்று. அவன் வீட்டு வாசலை அவர் மிதிக்கமாட்டார் என்பது இன்னொன்று. அகிலன் அவருடைய மகன்தான் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அவனும் அதே வாசலில் நின்று, அப்பா தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்றான்.

நாகமணியின் நுரையீரல் இறுகத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: திரும்பிச் சரியாகிற நோயில்லை, விமானத்தில் ஏறக்கூடாது, படுத்தபடி தரைவழியாக மெதுவாகப் போகலாம், போவதானால் சீக்கிரம் போங்கள். நாகமணிக்கு மகனைப் பார்க்கவேண்டும். மயில்சாமிக்கு மகன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிக்கிற ஒரு சாதனத்தை அவர் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அதுதான் மோட்டார்ஹோம். அகிலன் வீட்டுத் தெருவில் அதை நிறுத்திக்கொள்வார். நாகமணி இறங்கிப் போய் மகனையும் மருமகளையும் பார்த்துவிட்டு வருவாள். மயில்சாமி தன் சொந்த வீட்டுக்குள்ளேயே, சக்கரத்தின் மேல், சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருப்பார்.

“ஒரு ஃபோனு பண்ணுனா முடியற காரியத்துக்கு ஒரு ஊட்டையே வெலைக்கு வாங்கியிருக்கறீங்க” என்றாள் நாகமணி.

“உனக்குப் படுக்கை வேணுமில்ல. பாத்ரூம் வேணும். வழியில கண்ட மோட்டல்ல உன்னயத் தங்க வெப்பனா?”

“ஏனுங் மாமா, எனக்காகத்தானுங்களா?”

அவர் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

வண்டியை விற்றவர் வேக்கோவிலிருந்து தானே ஓட்டிவந்து கொடுத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. புறப்பட நாள் குறித்திருந்ததற்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை வந்தது. தமிழ்ப் பேரவையின் குடும்பம் ஒன்று மோட்டார்ஹோம் வாங்கியிருப்பது பேரவையின் வரலாற்றிலேயே முதல்முறை என்பதால் பூஜையைத் தலைவரே நடத்திவைத்தார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் பொட்டலில் ரிப்பன் கட்டினார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாலசுப்ரமணியன் என்ஜினைத் திறக்கச் சொல்லி எட்டிப்பார்த்தார். எண்ணெய் ஊற்றும் வாயின்மேல் ஒரு மூடி இருந்தது. வட்டமாக, மேலே குமிழ்போல உயர்ந்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகளோடு. அவருக்குப் பரவசம் வந்துவிட்டது.

“பாத்தீங்களா சார், அப்படியே லிங்கம். திஸ் இஸ் நாட் கோயின்சிடென்ஸ்” என்று சொல்லி, பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கைநிறைய அள்ளி, துளை, குமிழ், விளிம்பு என்று ஒன்றுவிடாமல் மெழுகிக் காப்பு சாத்தினார். நடுவில் குங்குமம். யாரோ படம் எடுத்தார்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டார்கள். சூட்டில் சந்தனம் வெந்து ஓடாக இறுகியது. பொட்டல் முழுக்கக் கோயில் வாசனை.

மறுநாள் வண்டிக்கு அடியில் தட்டு அளவுக்கு எண்ணெய் கிடந்தது.

“திருஷ்டி சார்” என்றார் பாலசுப்ரமணியன். “க்ளியர் திருஷ்டி. ரிப்பேர் பண்ணிட்டு இன்னொரு தடவை பூஜை போட்டுடலாம்.”

அன்று அமைக்கப்பட்டதுதான் உயர்நிலைக் குழு.

கையில் ஸ்பேனர் பிடிக்கிற வேலைக்குக் குழுவில் ஆளில்லை. அதற்கு மதன் வந்தான். நாற்பதைத் தாண்டியவன், இங்கே சாஃப்ட்வேருக்கு வருமுன் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் குப்பை கொட்டியவன். சனி ஞாயிறுகளில் அவனும் மயில்சாமியும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றுவது, தண்டைத் தாங்கும் கட்டைகளைத் தளர்த்துவது, சீலின் மேல்பாதியைச் சுற்றிச் சுற்றி உருவி எடுப்பது என்று ஒவ்வொன்றும் நாள் விழுங்கும் வேலை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாகமணி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஆக்சிஜன் பெட்டி புஸ்புஸ்ஸென்று இரைந்தது. தலைக்கு மேல் விமானங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எந்த விமானம் மேற்கே திரும்புகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஏனுங்ண்ணா, கயிறே போட்டுடலாமுங்” என்றான் மதன், அடியிலிருந்து. “நம்மூரு பம்புக்கு கிளாண்டு கயிறு போடறதில்லீங்களா? அதாட்டத்தான். தண்டுல பாருங்க, கோடு கோடா வெட்டியிருக்குது. அது கயித்துக்குன்னே வெட்டுனது. ரப்பரை வெச்சா அரத்துல தேச்ச மாதிரி தின்னுபோடும்.”

“கிளாண்டு கயிறு சொட்டுமேடா. எங்க கெணத்துல சொட்டுன தண்ணிக்கு ரெண்டு வாழைமரமே நின்னுச்சு.”

“தண்ணி சொட்டுனா வாழை வருமுங். எண்ணெ சொட்டுனா அக்கா எப்படிங்க வருவாங்க?”

“அதைத்தாண்டா நானும் சொல்றேன். ரப்பர்தான் இப்பத்திய முறை.”

நாகமணி நாற்காலியிலிருந்து சொன்னாள்: “ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி வெச்சுப்போடுங்க. மேல கயிறு, கீழ ரப்பரு. போய்ச் சேந்தாப் போதும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. மதன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றான். மயில்சாமி வரவில்லை.

மத்தியானம் அவள் கட்டிக்கொண்டு வந்த அரிசிம்பருப்புச் சோற்றைப் பிரித்தாள். எண்ணெய்க் கையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் சோற்றில் என்ஜின் எண்ணெய் வாடை அடித்தது. வாடை அடித்தாலும் மதன் இரண்டாம் முறை வாங்கினான்.

“அக்கா, நெய் தூக்கலா இருக்குதுங்.”

“இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கலா ஊத்தப்போறேன். சாப்புடு சாமி.”

அவள் கொஞ்சநாளாக இப்படித்தான் பேசினாள். மயில்சாமிக்கு அது பிடிக்கவில்லை. குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: கயிறு சாதகங்கள், ரப்பர் சாதகங்கள், உறுப்பினர்கள் கருத்துக் கூறவும்.

குழு வீடியோவில் கூடியது. தலைவர் முதலில் கூட்டத்தின் நோக்கத்தை விளக்கினார், பிறகு நோக்கத்தின் முக்கியத்துவத்தை விளக்கினார். “லெட்ஸ் நாட் பி எமோஷனல். டேட்டா டிரிவனா டிசைட் பண்ணலாம்” என்றார். ஒருவர் நியோப்ரீன் என்றார். ஒருவர் சிலிக்கோன் என்றார். ஒருவர் ராக்கெட்டுக்கு என்ன போடுகிறார்கள் என்று பார்க்கலாமே என்றார். மதன் தண்டில் வெட்டியிருக்கும் கோடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது தலைவர், “மதன், நீங்க மியூட்ல இருக்கீங்க” என்றார். மதன் மியூட்டில் இல்லை. ஆனாலும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

முதலில் நியோப்ரீன் ரப்பர் என்று முடிவாயிற்று. போட்டார்கள். புதிய எண்ணெய் ஊற்றுவதற்காக மயில்சாமி அந்த மூடியைச் சந்தனம் உதிராமல் இரண்டு விரலால் பிடித்துக் கழற்றி வெள்ளைத் துண்டில் வைத்தார். ஊற்றியதும் அதே பக்தியோடு மாட்டினார். பழைய காப்பின்மேல் புதிய காப்பு சாத்தினார். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார். வண்டி ஒழுகியது.

அடுத்தது கயிறு. கிராஃபைட் கயிற்றை வரவழைத்து, மதன் தன் கையாலேயே உருட்டி உட்காரவைத்தான். சந்தனம், குங்குமம், பூசணிக்காய். இன்னும் அதிகமாக ஒழுகியது. மதன் கையைத் துடைத்துக்கொண்டே, “எனக்கு வெளங்கலீங்ண்ணா” என்றான். கயிறுதான் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். குழுவுக்கு அது பெரிய திருப்தி.

அதற்குள் டிசம்பர் போய்விட்டது. நாகமணி பொட்டலுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். ஹாலில் சோபாவையே படுக்கையாக்கிக்கொண்டு, அங்கிருந்து குளியலறைக்குப் போவதையே ஒரு பிரயாணமாக வைத்திருந்தாள். ஒரு சாயங்காலம் வான்மதி அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள். மயில்சாமி எதிரே உட்கார்ந்து கணினியில் விட்டான் என்ற ரக ரப்பரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஜஸ்ட் கால் ஹிம்” என்றாள் வான்மதி.

“அடுத்த சீல் செவ்வாக்கெழமை வந்துரும்.”

“அவன் வர்றதுக்கு மூணரை மணி நேரம் ஃப்ளைட். ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் ஒன் வேர்ட். டெக்ஸ்ட்கூடப் போதும்னு சொல்றான்.”

“இது சூடு நல்லாத் தாங்குமாம். விட்டான்.”

நாகமணி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: “உடு கண்ணு. அப்பா ஊரெல்லாம் சுத்தி வந்து சேருவாரு.” பிறகு, அவரைப் பார்த்து: “ஏனுங், நான் ஒண்ணு கேக்கட்டுங்களா. அவன் ஊட்டு முன்னால வண்டிய நிறுத்திப்போட்டு உள்ளாறயே உக்காந்துக்குவீங்க. அவன் வந்து கதவைத் தட்டுனா?”

மயில்சாமி அதை யோசித்திருக்கவில்லை. வண்டியின் எல்லாக் கோளாறுகளுக்கும் அவரிடம் மேனுவலில் அச்சடித்த விடை இருந்தது. 

“தட்டுனாப் பாத்துக்கலாம்” என்றார்.

“தொறப்பீங்களா?”

“ஏன்டி, பேசாதேன்னு டாக்டர் சொல்லியிருக்காரில்ல.”



விட்டான் வந்தது. தலைவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “க்வாலிட்டி ஃபீல் பண்ணுங்க சார்” என்று எல்லாருக்கும் காட்டினார். அவரே மூன்றாம் முறையாகக் காப்பு சாத்தினார்; இம்முறை திருஷ்டியை அடியோடு முறிக்கவேண்டும் என்பதால் விரல் கனத்துக்கு. பொட்டலுக்குள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். காய்ந்திருந்தது. கைதட்டினார்கள். மதன் மட்டும், “இன்னுஞ் சித்தெ தூரம் ஓட்டிப் பாக்கோணுமுங்” என்றான். யாருக்கும் பொறுமையில்லை. நாகமணிக்கு நேரமில்லை.

இரண்டு நாளில் புறப்பட்டார்கள். நாகமணி பருத்திச் சேலைக்குமேல் ஸ்வெட்டர் போட்டு, தலைசீவிப் பூ வைத்துக்கொண்டாள், பிளாஸ்டிக் பூதான். பையில் அகிலனுக்குக் கொள்ளுப்பொடியும், அடியில் துணிக்குள் துணியாக ஹம்சாவுக்கு ஒரு பட்டுச் சேலையும் இருந்தன. சேலையை அவள் எப்போது வாங்கினாள் என்று மயில்சாமிக்குத் தெரியாது. ஆக்சிஜன் பெட்டியைப் படுக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். வான்மதி அவள் பக்கத்தில். மயில்சாமி ஓட்டினார். முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டியபோது ஏதோ மெல்லப் பாடக்கூடச் செய்தார்.

வெதர்ஃபோர்டுக்கு முன்னால் ஒரு ஏற்றம். அங்கே ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னாலிருந்து வான்மதி, “அப்பா, ஸ்மோக்” என்றாள். ஃப்ரீவே ஓரத்தில் நிறுத்துவதற்குள் உள்ளே கண் தெரியவில்லை. வான்மதி ஆக்சிஜனை அணைத்தாள். இருவருமாக நாகமணியைத் தூக்கி வெளியே புல்லில் உட்காரவைத்தார்கள். வடக்கேயிருந்து காற்று வெட்டிக்கொண்டு வந்தது. டெக்சாஸில் வருடத்துக்குச் சில நாள் அடிக்கிற, வயதானவர்களைத் தேடிப்பிடித்து அடிக்கிற காற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை மயில்சாமி தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எதுல போச்சுங்?” என்றாள் அவள். மூச்சு அவ்வளவுக்குத்தான் இருந்தது.

“சீல்தான். இந்த சீலும் செரியில்ல.”

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, இல்லை என்றா என்று அவருக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் ஜுரம் கண்டு மார்புக்கு இறங்கியது. குழாயை வாய்வழியாக விடவேண்டும், அதன்பிறகு பேச முடியாது, வீட்டில் யாராவது பேசவேண்டியவர்கள் இருந்தால் இப்போதே பேசுங்கள் என்றார்கள். மயில்சாமி வராந்தாவில் நின்று ஃபோனை எடுத்தார். அகிலனின் எண் அதில் மேலேயே இருந்தது, தினமும் பார்ப்பவர்தான். அழுத்தினார். ஃபோன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அவர் திரும்பியபோது வான்மதி சொன்னாள்: “நான் காலைலயே சொல்லிட்டேன்ப்பா. ஹி இஸ் இன் தி ஏர்.”

அவன் விமானம் நியூ மெக்சிகோவுக்கு மேலே எங்கேயோ இருந்தபோது நாகமணி போய்விட்டாள்.

அகிலன் வீட்டுக்கு வந்தான். பின்னால் ஹம்சா. படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றான். மயில்சாமி ஹாலில் காலியான சோபாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வான்மதி போய் இருவர் கையையும் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். சபதம் அப்படித்தான் முடிந்தது, ஒரு பேச்சும் இல்லாமல்.

காரியங்கள் முடிந்தபின் கோபியிலிருந்து மயில்சாமியின் அக்கா ராமாத்தாள் ஃபோனில் அழைத்தாள். அழுதாள். அழுது முடித்ததும் முறைகளுக்கு வந்தாள்.

“வண்டிக்கு சந்தனங் கிந்தனம் வெச்சிருக்கறயாடா?”

“இருக்குது அக்கா. என்ஜின்ல.”

“தீட்டு ஊட்டு வண்டிக்குப் பொட்டு ஆகாது. ஒரு வருஷத்துக்கு எதுக்குமே ஆகாது. சுத்தமாக் கழுவிப்போடு.”

கட்டி இழுத்துவந்து பொட்டலில் போட்டிருந்த வண்டியை விற்றாகவேண்டும். அப்பாவும் மகனும் போனார்கள்.  பொட்டலில் வண்டிக்கு முன் நின்றதும்தான் அகிலன் கேட்டான்:

“கடைசியா எந்த சீல்ப்பா போட்டீங்க?”

மயில்சாமி சொன்னார். நியோப்ரீனில் ஆரம்பித்து, கயிறு, தண்டில் வெட்டிய கோடுகள், விட்டான் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். அகிலன் நடுநடுவே கேள்வி கேட்டான். அவர் மகனோடு இவ்வளவு பேசி மூன்று வருடம் ஆகிறது. சீல் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது.

பிறகு அவர் மூடியைக் கழற்றி, பக்கெட்டு வெந்நீரில் ஊறப்போட்டு, ஸ்க்ரூடிரைவரால் சந்தனத்தைச் சுரண்டினார். மூன்று காப்பும் ஓடுஓடாகப் பெயர்ந்தன. அடியில் விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம் சிமென்ட்போல இறுகியிருந்தது. அவர் கை நின்றுவிட்டது.

“என்னப்பா?”

“இது மூச்சு விடற மூடி” என்றார் மயில்சாமி. “உள்ள சேர்ற ஆவி இது வழியாத்தான் வெளிய போகோணும். இன்னொரு குழாய் உண்டு, அது அடைச்சுப்போயி எத்தனையோ வருஷமாச்சுன்னு வித்தவரே சொன்னாரு. மேனுவல்ல படிச்சிருக்கறேன். இதை அடைச்சா ஆவி எண்ணெயைத் தள்ளும். எந்த சீலைப் போட்டாலும் தள்ளும்.”

அகிலன் அவரிடமிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி, மிச்சத் துளைகளை அவனே ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தான். மூடியை மாட்டினார்கள். எண்ணெயை நிரப்பினார்கள். அடியில் புதிய அட்டை ஒன்றை விரித்து என்ஜினை ஓடவிட்டார்கள். சந்தன வாசனை இல்லாமல் அது சும்மா ஒரு பழைய என்ஜின் மாதிரி ஓடியது. மயில்சாமி ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தார். மேலே விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. வெயில் சாயும்வரை ஓட்டினார்கள். அட்டையை உருவிப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது.

அவர் ஃபோனில் குழுவின் செய்தி வந்து கிடந்தது. அம்மையாரின் மறைவுக்குப் பேரவை ஆழ்ந்த இரங்கல் தெரிவிக்கிறது. அன்னாரின் நினைவாகப் பழைய வண்டிகளுக்குச் சரியான சீலைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தலைவர் ஒரு சிறப்புரை ஆற்றுவார். இறுதியில் எந்த சீல் பலன் தந்தது என்பதை மயில்சாமி சார் தெரிவிக்கவும்.

எல்லா சீலும் நல்ல சீல்தான்.